மூளைச்சாவு என்னும் சொல்லும் நம் வீட்டாரின் கையெழுத்தும்

2015 ஜூலையில் திருவனந்தபுரத்தில் மூளைச்சாவுற்ற வழக்கறிஞர் ஒருவரின் இதயம் கடற்படையின் டோர்னியர் விமானத்தில் கொச்சிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஆட்டோ ஓட்டுநர் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. கொடுத்தவர் நம் பாறசாலைக்காரர். கேரளமே பேசிய அந்நிகழ்வை நம் ஊரில் இன்று நினைவுகூர்வோர் சிலரே. அவ்வாண்டு கேரளத்தில் இறந்தபின் உறுப்பளித்தோர் 76 பேர். 2018-இல் 8 பேர்.

இவ்வீழ்ச்சிக்குப் பொதுவாக 'ஜோசப்' திரைப்படத்தைக் குறைகூறுவர். அது நேர்மையான கணக்கன்று. அப்படம் வெளிவந்தது 2018 நவம்பரில். எண்ணிக்கையோ 2017-லேயே 18-ஆகச் சரிந்துவிட்டது. மூளைச்சாவுச் சான்றளிப்பில் முறைகேடு நடக்கிறது என்ற குற்றச்சாட்டும் அதையொட்டிய வழக்கும் சமூக ஊடகப் பரப்புரையும் முன்னரே வந்துவிட்டன. இருந்த அச்சத்திற்குப் படம் ஒரு கதை கொடுத்தது, அவ்வளவே. பின்னர் அதுவே 'விசித்திரன்' எனத் தமிழிலும் வந்தது. எல்லையோரத்தில் வாழும் நமக்கு எதுவும் இருமுறை கிடைக்கும், அச்சம் உட்பட.

மொழியியல் பயின்றவன் என்ற முறையில் என்னை உறுத்துவது வேறொன்று. 'மூளைக்காய்ச்சல்' நமக்குப் பழகிய சொல். மூளையில் வந்த காய்ச்சல். அதே அமைப்பில் 'மூளைச்சாவு' என்றதும் காது என்ன பொருள் கொள்ளும்? மூளைக்கு மட்டும் நேர்ந்த ஏதோ ஒன்று, ஆள் இருக்கிறார் என்றுதானே? மலையாளத்திலும் இதே நிலை: மஸ்திஷ்க ஜ்வரம், மஸ்திஷ்க மரணம். வாக்கிய அமைப்போ இன்னும் குழப்புகிறது. "அவருக்கு மூளைச்சாவு ஏற்பட்டுள்ளது" என்கிறோம். "அவருக்குக் காய்ச்சல் ஏற்பட்டுள்ளது" என்பதற்கும் இதற்கும் இலக்கணத்தில் வேறுபாடு இல்லை. நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கும் 'அவர்' இன்னும் நோயை அனுபவிப்பவராகவே ஒலிக்கிறார். "அவர் இறந்துவிட்டார்" என்ற வாக்கியத்தை யாரும் சொல்வதில்லை. வென்டிலேட்டரால் மார்பு ஏறி இறங்குகிறது, உடல் வெதுவெதுப்பாக இருக்கிறது. இவற்றைக் கண்டு நிற்கும் மனைவியிடம் இத்தகைய வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, அடுத்து உறுப்புகளைக் கேட்டால் அவர் மறுப்பதில் வியப்பென்ன?

1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூளைத்தண்டு இறப்பு என்பது இறப்பே. கோமா அன்று. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்கிறது. வென்டிலேட்டரைச் சற்று விலக்கி, குருதியில் கரியமில வாயு உயர்ந்த பின்னும் தானாக ஒரு மூச்சேனும் எழுகிறதா என்று பார்ப்பது அச்சோதனைகளுள் முக்கியமானது. இதை வீட்டாருக்கு விளக்கலாம். ஆனால் எந்த மொழியில்? நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிகளிலிருந்தும் களியக்காவிளைக்கு அப்பாலிருந்தும் விபத்தில் அடிபட்டோரைத் திருவனந்தபுரத்திற்குத்தான் கொண்டு ஓடுகிறோம். நம் வீட்டுப் பெரியவர்கள் மலையாளத்தில் கடை கண்ணிக்குப் போய்வருவார்கள். சாவைப் பற்றிய முடிவை அம்மொழியில் எடுக்கச் சொல்வது கொடுமை. அங்குள்ள ஒருங்கிணைப்பாளர்களுள் தமிழ் பேசுவோர் இருப்பது சலுகையன்று, சம்மதம் சம்மதமாக இருப்பதற்கான அடிப்படை.

அதுவரை நம்மால் ஆவதைச் செய்யலாம். தேசிய அமைப்பான 'நோட்டோ'வின் இணையதளத்தில் ஆதார் கொண்டு பதிவு செய்யச் சில நிமிடங்கள் போதும். தமிழ்நாடா கேரளமா என்ற கேள்வி அங்கு எழாது. ஆயினும் அந்த அட்டை நமது விருப்பத்தை மட்டுமே சொல்லும். நாம் நிரப்பும் உறுதிமொழி 7-ஆம் படிவம். இறந்தபின் நெருங்கிய உறவினர் கையெழுத்திடுவது 8-ஆம் படிவம். நடைமுறையில் அக்கையெழுத்து இல்லாமல் எந்த மருத்துவமனையும் உறுப்பை எடுப்பதில்லை. வீட்டில் சொல்லாத பதிவு, பையிலேயே தங்கிவிடும் அட்டைதான்.

நான் சொன்னபோது அம்மா முதலில் கேட்டது, "உடம்பை எப்படித் திருப்பித் தருவார்கள்?" என்பதுதான். தையலிட்டு, முகம் மாறாமல் தருவார்கள். சடங்குகள் யாவும் செய்யலாம். அடுத்த கேள்வி அவருடைய வயதைப் பற்றியது. நம்மில் மிகப் பெரும்பாலோர் மூளைச்சாவால் அன்றி இயல்பாகவே இறப்போம். அப்போது இதயமும் கல்லீரலும் பயன்படா, கருவிழி பயன்படும். கண்புரை அறுவை செய்தவரும் தரலாம். இறந்து ஆறு மணி நேரத்திற்குள் கண் வங்கிக்குச் சொல்ல வேண்டும், வீட்டிற்கே வருவார்கள். அதுவரை மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி வைத்தால் போதும். அம்மா கண் வங்கியின் எண்ணை நாட்காட்டியின் ஓரத்தில் எழுதச் சொன்னார். தமிழில் எழுதச் சொன்னார்.