வெள்ளையடித்த சுவரின் பின்னால்



திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய வீதிகளில் ‘வீடு விற்பனைக்கு’ என்ற பலகையைக் காணும்போதெல்லாம், பிள்ளைகளிடம் கனடாவுக்கோ இலண்டனுக்கோ புறப்படும் ஒரு குடும்பம் நினைவில் எழுகின்றது. பலகை தொங்குமுன் வீடு அலங்கரிக்கப்படுகின்றது. சுவருக்கு வெள்ளை, கதவுக்கு மெருகு, முற்றத்தில் பூச்சாடிகள். தரகரின் சொற்படி திரு இருதய ஆண்டவரின் படமும் சுவரிலிருந்து இறங்குகின்றது. வாங்க வருபவர் எம்மதத்தவரோ என்ற யோசனை! இவற்றில் குற்றமேதும் இல்லை. விருந்தினர் வருமுன் நாம் வீட்டைக் கூட்டுவதில்லையா?

ஆனால் நம் கடற்கரை வீடுகளுக்கு வேறு இரகசியங்களும் உண்டு. உப்புக் காற்று கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து தளத்தை வெடிக்க வைக்கும். கோடையில் சில கிணறுகள் உவர்க்கும். வடகீழ்ப் பருவமழையில் பழுதான கூரை ஒழுகும். ஆகவே கூரை பழுதானவர் ஆடியில் வீட்டைக் காட்டுகிறார். கிணறு உவர்ப்பவர் தையில் காட்டுகிறார். காணி உறுதி நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும் என்கிறது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அவ்வுறுதியில் நான்கு எல்லைகளும் இருக்கும். ஒழுகும் மூலை இராது.

பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே புனித தோமஸ் அக்குவினாஸ் இக்கேள்வியை எடுத்துக்கொண்டார். நொண்டிக் குதிரையை விரைந்தோடும் குதிரையென்றும், இடிந்துவிழும் வீட்டை உறுதியான வீடென்றும் விற்பது அநீதி என்றார். அவர் கடுமையானவர் அல்லர். கண்ணுக்குத் தெரியும் குறையைச் சொல்ல வேண்டியதில்லை. மறைந்த குறையையும் ஊரறியப் பறைசாற்ற வேண்டியதில்லை. வாங்க வருபவரிடம் சொன்னால் போதும். சொல்லாது விற்றவர் நட்டத்தை ஈடுசெய்யக் கடமைப்பட்டவர்.

இதை எழுத எனக்கும் கூச்சம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், கறையான் அரித்த கூரைமரத்தில் சாந்து அடைத்து வர்ணம் தீட்டிக்கொண்டிருந்த ஒருவரைக் கண்டேன். (பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று, இல்லச் சந்திப்பில் கண்ணால் கண்டது.) “வீடு அழகாயிருக்கிறது” என்று கூறித் தேநீர் அருந்திவிட்டு வந்தேன். கட்டாரில் பத்து ஆண்டுகள் உழைத்த ஒருவர் அவ்வீட்டை வாங்கினார். அதை ஆசீர்வதித்துத் தீர்த்தம் தெளித்தவனும் நானே. அவ்வாண்டு மாரியில் கூரையின் ஒரு பக்கம் இறங்கியது. கைக்குழந்தையுடன் அவர்கள் அயல் வீட்டில் ஒண்டிக்கொண்டனர். அந்தத் தாய் என்னிடம், “சுவாமி, நாங்கள் பார்த்து வாங்கத் தெரியாதவர்கள்” என்று தம்மையே நொந்துகொண்டார். எனக்குத் தெரிந்திருந்தது என்பதை அன்றும் நான் சொல்லவில்லை.

பின்னர் சொன்னேன். விற்றவருக்கும் வெளிநாட்டு முகவரிக்கு எழுதினேன்: கூரை வேய்ந்த செலவில் பாதியையாவது அனுப்புங்கள், மீதிக்கு நான் வழி பார்க்கிறேன் என்று. மூன்று மாதங்கள் கழித்துப் பணம் வந்தது. கடிதம் ஒன்றும் வரவில்லை.