பழைய ஆயில் என்ஜினுக்கு எண் தகடுதான் பட்டா

சித்திரை வெயிலில் பயிர் பூக்கும் தறுவாயில் பழைய ஆயில் என்ஜின் புகை கக்கி நின்றுவிட்டால், விவசாயி ரிங் செட் தேடி நகரத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது. கடையில் கேட்கப்படும் முதல் கேள்வி, "என்ன என்ஜின்?" என்பது. "அஞ்சு எச்.பி." என்று பதில் வரும். வீண் அலைச்சல் அங்கேதான் தொடங்குகிறது.

குதிரைத் திறனை மட்டும் சொல்லி உதிரி பாகம் வாங்க முடியாது. கிர்லோஸ்கர் ஏ.வி.1 என்ஜின் 5 குதிரைத் திறன் உள்ளது. நிமிடத்துக்கு 1,500 சுற்றுகள் சுற்றும். அதன் சிலிண்டர் உள்விட்டம் 80 மி.மீ. இங்கிலாந்தின் லிஸ்டர் என்ஜினை ஒட்டி ராஜ்கோட்டில் செய்யப்பட்ட 6 குதிரைத் திறன் என்ஜினோ 650 சுற்றுகளே சுற்றும். அதன் உள்விட்டம் 114.3 மி.மீ. திறனில் வித்தியாசம் ஒன்றுதான். ஆனால் ஒன்றின் பிஸ்டன் மற்றதற்கு எந்த வகையிலும் உதவாது.

மாடல் ஒன்றாக இருந்தாலும் பாகம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஏற்கெனவே போர் அடித்த சிலிண்டருக்கு ஓவர்சைஸ் பிஸ்டனும், கிராங்க் கிரைண்டிங் செய்த என்ஜினுக்கு அண்டர்சைஸ் பேரிங்கும் தேவை. பழையதாக வாங்கிய என்ஜினில் முன்பு என்ன வேலை நடந்தது என்பது வாங்கியவருக்குத் தெரியாது. எனவே கழற்றிய பாகத்தைக் கையோடு எடுத்துச் செல்வதும், லேத் பட்டறையில் சிலிண்டரை அளந்து எழுதி வாங்குவதும் அவசியம்.

அளவு தவறினால் நஷ்டம் பாகத்தின் விலையோடு நிற்பதில்லை. ரிங்கின் வாய் இடைவெளி அதிகமானால் அழுத்தம் கசிந்து, ஸ்டார்ட் ஆவதே சிரமமாகும், ஆயிலும் எரியும். இடைவெளி குறைந்தால் சூட்டில் ரிங் விரிந்து சிலிண்டரைக் கீறிவிடும். இதற்குள் பயிர் வாடிவிடும்.

பழியை விவசாயி மீது மட்டும் போடுவது நியாயமல்ல. பாகத்தின் பெட்டியில் எந்த மாடலுக்கு, எந்த அளவு என்பதைத் தெளிவாகத் தமிழிலும் அச்சிட்டால் என்ன? ரசீதில் "என்ஜின் பாகம்" என்று மட்டும் எழுதாமல் மாடலையும் அளவையும் குறித்துக் கொடுப்பது கடைக்காரரின் கடமை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் தம் பகுதியில் எந்த மாடல் என்ஜின்கள் அதிகம் என்று கணக்கெடுத்து, அவற்றுக்கான ரிங் செட், நாசில், கேஸ்கட் ஆகியவற்றை உரத்தோடு இருப்பு வைக்கலாம். அடிக்கடி தேய்கிற பாகங்கள் சிலவே. அவற்றுக்குப் பெரிய முதல் தேவைப்படாது.

"பழையதைக் காயலான் கடையில் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதே மேல்" என்று சொல்வோரும் உண்டு. பிளாக் வெடித்து, கிராங்க்கும் முறிந்திருந்தால் அது சரியான யோசனைதான். இரண்டும் நன்றாக இருந்தால், தேய்ந்த ரிங்குக்காக என்ஜினையே தள்ளிவிடுவது, கலப்பையின் கொழு தேய்ந்ததற்காக மாட்டை விற்பது போலாகும். மின் இணைப்புக்குக் காத்திருப்பவருக்கும், வாய்க்கால் கடைமடையில் தண்ணீர் இறைப்பவருக்கும் புது என்ஜின் என்றால் புதுக் கடன்.

ஆகவே என்ஜின் நன்றாக ஓடும்போதே விவசாயிகள் ஒரு காரியம் செய்ய வேண்டும். என்ஜினில் பதித்துள்ள தகட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மாடல், என்ஜின் எண், சுற்று ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு முறை வேலை நடந்த பிறகும் தேதியையும் போட்ட பாகத்தின் அளவையும் அதே நோட்டில் சேர்க்க வேண்டும். நிலத்தின் சர்வே எண்ணை மறக்காத விவசாயிக்கு இது பெரிய வேலை அல்ல. என்ஜின் நின்ற பிறகு தகட்டைத் தேடுகிறவர் கடைக்கு இரண்டு முறை போக வேண்டியிருக்கும். பயிர் அதுவரை காத்திருக்காது.