சேனைக்கு முன் ஒரு குழாய்

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பேத்தி பிறந்த சந்தோஷம். பார்க்கப் போயிருந்தேன். பாட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆஸ்பத்திரியிலயே, நர்ஸுங்களுக்குத் தெரியாம, எங்க அண்ணன் கையால சீனித்தண்ணி சேனை வச்சாச்சு சிஸ்டர். அண்ணன் குணம் அப்படியே வந்துரும் பாருங்க" என்றார். நான் வழக்கம்போல "அதெல்லாம் கூடாதும்மா" என்று ஆரம்பித்தேன். "எனக்கும் எங்க தாத்தா வச்சாரு. அறுபத்திரண்டு வருஷமா நல்லாத்தான இருக்கேன்?" என்று சிரித்தார். கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் வரவில்லை. அந்தச் சிரிப்புக்கு அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

1987-ல் நான் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஸ்டாஃப் நர்ஸ். இரவு டூட்டி. விடியற்காலையில் ஒரு தலைப்பிரசவம். ஆண் குழந்தை, இரண்டரை கிலோ, நன்றாக அழுதான். தாய்க்குப் பனிக்குட நீர் குடம் குடமாகக் கொட்டியிருந்தது. விரிப்பை இரண்டு தடவை மாற்றினோம். அது ஒரு சேதி என்று எனக்குத் தோன்றவில்லை. குழந்தையின் வாயில் வெள்ளையாக நுரை வந்தது. துடைத்தேன். திரும்ப வந்தது. மியூகஸ் சக்கர் வைத்து உறிஞ்சினேன். மறுபடியும் வந்தது. மூன்றாவது தடவை துடைத்துவிட்டு அடுத்த பிரசவத்துக்குப் போய்விட்டேன்.

வராந்தாவில் தாத்தா காத்திருந்தார். பள்ளிக்கூட வாத்தியார், ஊரில் மதிப்பான மனுஷர். சீனித்தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு பாட்டி பாலாடையில் கொஞ்சம் ஊற்றினார். குழந்தைக்குப் புரையேறியது. "யாரோ நெனைக்கிறாங்க" என்று உச்சந்தலையில் தட்டினார்கள். உதடு நீலமாகி, பிறகு தெளிந்தது. பகலில் தாய்ப்பால் கொடுத்தபோதும் அதேதான். இரண்டு நாள் இப்படியே போனது. மூன்றாம் நாள் ஒரு டாக்டர் வந்து, ரப்பர் கதீட்டரை வாய் வழியாக விட்டுப் பார்த்தார். பத்து சென்டிமீட்டரில் முட்டி நின்றது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வாடகைக் காரில், தாத்தா மடியில், மல்லாக்கப் படுக்கவைத்தபடி. போய்ச் சேர்ந்தபோது இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. ஆபரேஷன் தாங்கும் நிலைக்கு வராமலே ஐந்தாம் நாள் போய்விட்டான்.

அந்தத் தாத்தா பிறகு ஒரு தடவை வார்டுக்கு வந்தார். "நான் வச்ச சேனைதானா சிஸ்டர்?" என்று கேட்டார். "இல்லைங்கய்யா" என்றேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியில் அவருக்கும் பங்கு உண்டு, எனக்கும் உண்டு. என் பங்குதான் பெரியது. நான் நர்ஸ்.

இந்தக் கோளாறுக்கு ஆஸ்பத்திரியில் டி.இ.எஃப். என்று சுருக்கப் பெயர். கரு உருவான நாலாவது வாரத்தில் உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் ஒரே குழாய்தான். அடுத்த சில வாரங்களில் இரண்டாகப் பிரிய வேண்டும். அது சரியாக நடக்காவிட்டால் உணவுக்குழாய் நடுவில் அறுந்துபோகும். பத்தில் எட்டுக்கு மேல் ஒரே விதம்தான்: மேல்துண்டு பை மாதிரி மூடிக்கொள்ளும், கீழ்த்துண்டு மூச்சுக்குழாயில் போய் ஒட்டித் திறந்திருக்கும். குழந்தைக்கு இரண்டு பக்கமும் அடி. எச்சில் இறங்க வழியில்லாமல் நுரையாக வழிந்து நுரையீரலுக்குள் போகும். அழும்போதெல்லாம் காற்று கீழே போய் வயிற்றை உப்பவைக்கும். வயிற்றின் அமிலம் மேலே ஏறி நுரையீரலைச் சுடும்.

இனி, நான் கேட்டுக் கேட்டுச் சலித்த பேச்சுகளுக்கு வருகிறேன்.

"கிரகணத்துல வெளிய வந்திருப்பா, அதான்." நாலாவது வாரத்தில் பாதிப் பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது. பெரும்பாலான குழந்தைகளில் இன்னதுதான் காரணம் என்று கைகாட்ட எதுவும் கிடையாது. பச்சை உடம்புக்காரியை மாமியார் வீட்டில் நிற்க வைத்துக் கேள்வி கேட்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை. "ஸ்கேன்ல சொல்லலையே" என்று அவளைக் குடைவதும் வேண்டாம். பனிக்குட நீர் அதிகம், வயிறு தெரியவில்லை என்று ஸ்கேன் சில சமயம் குறிப்புத் தரும். பல சமயம் எதுவும் தெரியாது.

"சேனை வச்ச பிள்ளைங்க எல்லாம் நல்லாத்தான இருக்கு." இருக்கும். மூவாயிரம், நாலாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் இந்தக் கோளாறு. நம் மாநிலத்தில் ஆண்டுக்குச் சுமார் 9 லட்சம் பிரசவம். வகுத்துப் பாருங்கள், 200 குழந்தைகளுக்கு மேல் வரும். சேனை வைத்துப் பிழைத்தவர்கள் அறுபது வயதில் சிரித்துக்கொண்டு பேசுகிறார்கள். பிழைக்காதவர்கள் வந்து பேசப்போவதில்லை.

"தாய்ப்பாலும் இதே மாதிரி நுரையீரலுக்குத்தானே போகும்?" என்று விவரமானவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. போகும். ஓட்டையைச் சேனை உண்டாக்கவில்லை என்பதும் நிஜம். ஆனால் முதல் தாய்ப்பால் நர்ஸ் பக்கத்தில் நிற்க, குழந்தையைப் பார்த்துக்கொண்டே கொடுப்பது. குழந்தைக்கு இருமல் வந்தால், நீலம் பாய்ந்தால், நிறுத்தச் சொல்ல ஆள் உண்டு. சேனை வராந்தாவில், யாருக்கும் தெரியாமல், நுரையைக்கூடக் கவனிக்காத ஒரு பெரியவரின் விரலில் நடக்கிறது. புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டி முடித்துவிடுகிறோம். தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் பிறந்த குழந்தைக்குத் தேவையில்லை. குணம் ஒருவர் விரலிலிருந்து நாக்குக்கு வராது. கிருமி வரும்.

"இந்த மாதிரிப் பிள்ளைங்க பிழைக்காது, செலவு பண்ணி என்ன?" இதுதான் எனக்கு ஆத்திரம் வரவைக்கும் பேச்சு. இந்தக் கோளாறைப் பற்றி 1670-லும் 1697-லும் இங்கிலாந்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு இருநூறு வருஷத்துக்கு மேல் பிழைக்காது என்ற பேச்சு சரிதான். 1941-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் கேமரன் ஹைட் என்ற சர்ஜன் பன்னிரண்டு நாள் வயதான ஒரு பெண் குழந்தைக்கு ஓட்டையை அடைத்து, அறுந்த இரண்டு முனைகளையும் ஒரே ஆபரேஷனில் சேர்த்துத் தைத்தார். அவள் பிழைத்தாள். 1994-ல் லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்பிட்ஸ் என்ற சர்ஜன் கணக்குக் கொடுத்தார்: பிறப்பு எடை ஒன்றரை கிலோவுக்குக் குறையாமல், பெரிய இதயக் கோளாறும் இல்லாமல் இருந்தால் 100-க்கு 97 குழந்தைகள் பிழைத்தன. இரண்டில் ஒன்று இருந்தால் 59. இரண்டும் சேர்ந்திருந்தால் 22. எங்கள் வார்டுக் குழந்தை இரண்டரை கிலோ. அவனுக்கு இதயக் கோளாறு இருந்ததாக யாரும் சொல்லவில்லை. இந்தக் கணக்கை நான் வாசித்த அன்று சாப்பிடவில்லை.

லண்டன் வேறு, நம்மூர் வேறு என்பது எனக்கும் தெரியும். வித்தியாசம் கத்தி பிடிக்கும் கையில் இல்லை. சென்னை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி மாதிரி இடங்களில் இந்த ஆபரேஷன் செய்யும் கைகள் எப்போதோ வந்துவிட்டன. குழந்தை அந்தக் கைக்குப் போய்ச் சேரும்போது நுரையீரல் எந்த நிலையில் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். அது சர்ஜன் பொறுப்பு இல்லை. பிரசவ அறையின் பொறுப்பு.

ஆகவே கடைசிச் சண்டை என் சொந்தக் கூட்டத்தோடு. "எல்லாக் குழந்தைக்கும் டியூப் போடச் சொல்றீங்களா மேடம்?" என்று இளம் நர்ஸ்கள் கேட்கிறார்கள். இல்லை. நல்ல குழந்தையின் தொண்டையில் வீணாகக் குழாய் விட்டால் இதயத் துடிப்பு குறையலாம், தோலோடு தோல் அணைப்பதும் பால் கொடுப்பதும் தாமதமாகும். ஆனால் பனிக்குட நீர் அதிகம் இருந்தாலோ, துடைத்த நுரை திரும்பத் திரும்ப வந்தாலோ, முதல் வாய்ப் பாலிலேயே இருமி நீலமானாலோ, குழாய் விட்டே ஆக வேண்டும். அதற்கு முன் ஒரு சொட்டும் கூடாது. மெல்லிய ஃபீடிங் டியூப் வேண்டாம். அது மேல்பைக்குள்ளேயே சுருண்டுகொண்டு, இறங்கிவிட்டதாக ஏமாற்றும். காற்று ஊதி ஸ்டெதஸ்கோப்பில் கேட்பதையும் நம்ப வேண்டாம். கொஞ்சம் விறைப்பான 10 எஃப் குழாய் போதும். பத்து சென்டிமீட்டரில் முட்டி நின்றால் எக்ஸ்ரே. குழாய் நின்ற இடம் படத்தில் தெரியும்.

தெரிந்துவிட்டால் வாய்வழியாக எதுவும் கூடாது. தலையைத் தூக்கிவைத்து, மேல்பையில் சேரும் எச்சிலை உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். உடம்புச் சூடு குறையக் கூடாது. மாஸ்க் வைத்து அழுத்தினால் காற்று ஓட்டை வழியாக வயிற்றுக்குப் போகும் என்பது நினைவிருக்க வேண்டும். இதெல்லாம் ஆம்புலன்ஸிலும் நிற்காமல் நடக்க வேண்டும். பாதிக் குழந்தைகளுக்கு இதயம், சிறுநீரகம், ஆசனவாய், முதுகெலும்பு என்று இன்னொரு குறையும் சேர்ந்திருக்கும்; அதையும் தேட வேண்டும்.

அரசாங்கத்தையும் ஒன்று கேட்கிறேன். 2013-ல் குழந்தைகளின் பிறவிக் குறைகளைக் கண்டுபிடிக்க ஆர்.பி.எஸ்.கே. திட்டம் வந்தது. நல்ல திட்டம். அதன் பட்டியலில் பிறப்பிலேயே பார்க்க வேண்டியவை ஒன்பது: உதட்டுப் பிளவு, வளைந்த பாதம், இதயக் கோளாறு, கண்புரை என்று போகும். உணவுக்குழாய் அதில் இல்லை. மற்றவற்றில் பலவற்றுக்கு வாரங்களோ மாதங்களோ அவகாசம் உண்டு. இதற்கு மணிக்கணக்குதான். பிரசவ அறைச் சுவரில் முதல் மணி நேரத்தில் தாய்ப்பால் என்ற போஸ்டர் இருக்கிறது, இருக்கட்டும். அதற்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: நுரை நிற்காத குழந்தைக்குக் குழாய் பார்த்த பிறகு பால்.

எங்கள் தெருப் பாட்டியின் இளைய மகளுக்கு இப்போது ஏழாம் மாதம். அதே அண்ணன், அதே விரல் தயாராக இருக்கும். இந்தப் பதிவைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு நாளை அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். சிரித்தால் சிரிக்கட்டும். இந்தத் தடவை காபியைக் குடித்துவிட்டுப் பேசாமல் வரப்போவதில்லை.