வரைபடத்தில் நம் தெருவை யார் எழுதுவது?

கைபேசியில் தெரியும் நீலப் புள்ளியை நம்பி யாரும் வேலிக்கல் நடாதீர்கள். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவள் நான்; வீடு பல்லாவரம். ஓய்வுக்குப் பிறகும் எல்லைத் தகராறு என்று வாசலுக்கு வருகிறவர்கள் குறையவில்லை. முன்பெல்லாம் பத்திரத்தோடு வருவார்கள். இப்போது போனோடு வருகிறார்கள். "பாருங்க மேடம், மேப்புல எங்க இடம் அவங்க காம்பவுண்டுக்கு உள்ள வரைக்கும் போவுது" என்று திரையைக் காட்டுகிறார்கள்.

பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர் பக்கம் அரை கிரவுண்டு மனைகள் ஏராளம். 30-க்கு 40 அடி, மொத்தம் 1,200 சதுர அடி. திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரணக் கைபேசி ஏறத்தாழ 5 மீட்டர் முன்பின்னாகத்தான் இடம் காட்டும். ஜி.பி.எஸ்.ஸை நடத்துகிற அமெரிக்க அரசே சொல்லும் கணக்கு இது. 5 மீட்டர் என்றால் 16 அடி. முப்பதடி அகல மனையில் 16 அடி தள்ளிப்போனால் பாதி மனை போயிற்று. இரு பக்கமும் மாடிகள் எழும்பிய சந்தில் செயற்கைக்கோளின் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பிச் சுற்றி வரும். பிழை இன்னும் கூடும். எல்லையைச் சொல்ல எஃப்.எம்.பி. புலப்படம் இருக்கிறது, சர்வே கல் இருக்கிறது. கல்லைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கிருந்து அளந்து வந்தால்தான் எல்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல எனக்கு அலுப்பில்லை. இந்தப் பதினாறு அடிக்காக அண்ணனும் தம்பியும் முகம் பார்க்காமல் போன வீடுகளை நான் அறிவேன்.

ஆனால் போனின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது கையில் இருந்தது 66 அடி நீளச் சங்கிலி. அதில் நூறு லிங்க். ஒரு முனையைச் செயின்மேன் பிடிக்க, மறுமுனையை இழுத்துக்கொண்டு சீமைக்கருவேல முள்ளுக்குள் நடப்போம். ஜி.பி.எஸ். என்று ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டபோது, அது நமக்கு உதவாது என்று மூத்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. பொதுமக்களுக்குக் கிடைக்கும் சிக்னலில் அமெரிக்கா அப்போது வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பியது. நூறு மீட்டர் வரைகூடத் தள்ளிக் காட்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அதை நிறுத்தினார்கள். அன்றைக்குத்தான் இந்தக் கருவி நம் தெருவுக்குள் வந்தது என்பேன். இன்று நம் இஸ்ரோவின் நாவிக் அமைப்பும் இருக்கிறது. 2023 மே 29 அன்று ஏவிய என்.வி.எஸ்.-01, சாதாரணக் கைபேசிகளுக்குப் பழக்கமான எல்1 அலைவரிசையிலும் சிக்னல் அனுப்புகிறது.

நில அளவையில் எங்கள் பகுதிக்கு ஒரு தனி உரிமை உண்டு. இந்தியாவைக் கணக்காக அளந்த பெரும் முக்கோண அளவை தொடங்கியது பரங்கிமலை அடிவாரத்தில். 1802 ஏப்ரல் 10 அன்று பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் அங்கே, முக்கோணங்களுக்கெல்லாம் ஆதாரமான தன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். தெற்கே பெரும்பாக்கம் பக்கம் வரை ஏறத்தாழ 12 கிலோமீட்டர். அவர் பயன்படுத்திய நூறடி எஃகுச் சங்கிலி, சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோகப்பட்டு, அங்கே ஏற்கப்படாமல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. ஏப்ரல், மே வெயிலில் எஃகு நீளும் அல்லவா? அதற்காகச் சங்கிலியை மரப்பெட்டிக்குள் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு, பக்கத்தில் வெப்பமானி வைத்து, ஒவ்வொரு முறையும் சூட்டைக் குறித்து நீளத்தைத் திருத்தினார்கள். அந்த ஒரு கோட்டிலிருந்து விரிந்த முக்கோணங்கள்தான் பிற்பாடு இமயம் வரை போய் எவரெஸ்டின் உயரத்தைச் சொல்லின.

லாம்டனிடம் நான் மதிப்பது இந்தத் திருத்தத்தைத்தான். தன் சங்கிலி எவ்வளவு பொய் சொல்லும் என்பது அவருக்குத் தெரியும். அதை எழுதியும் வைத்தார். அளவு எவ்வளவு என்பதோடு பிழை எவ்வளவு என்பதையும் சொல்கிறவரே சர்வேயர். உங்கள் போனும் அதைச் சொல்கிறது. நீலப் புள்ளியைச் சுற்றி ஒரு வெளிர்நீல வட்டம் விரிந்து சுருங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 'இந்த வட்டத்துக்குள் எங்கோ நீ இருக்கிறாய், அதற்கு மேல் எனக்குத் தெரியாது' என்பதுதான் அதன் பொருள். வட்டம் பெரிதாக இருந்தால் சந்திலிருந்து வெளியே வாருங்கள், கொஞ்சம் நில்லுங்கள், சுருங்கும்.

புள்ளியின் பிழைக்கு வட்டம் இருக்கிறது. புள்ளிக்குக் கீழே இருக்கும் வரைபடத்தின் பிழைக்கு எந்த வட்டமும் இல்லை. தெருவின் பெயர், சந்து முட்டுச்சந்தா வழியா, வாய்க்கால் எங்கே ஓடுகிறது, பாலம் நிற்கிறதா இடிந்ததா என்பதெல்லாம் செயற்கைக்கோளுக்குத் தெரியாது. யாரோ ஒருவர் எழுதினால்தான் உண்டு. எங்கள் புறநகரில் அதை எழுத யாரும் பொறுப்பேற்கவில்லை. அதுதான் என் ஆதங்கம்.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகள். தனித்தனி ஊராக இருந்த காலத்தில் ஊருக்கு ஒரு பிள்ளையார் கோயில் தெரு, ஒரு பஜனை கோயில் தெரு, ஓர் அண்ணா தெரு, ஒரு காமராஜர் தெரு இருந்தது. யாருக்கும் சிரமமில்லை. இப்போது அத்தனையும் ஒரே மாநகராட்சிக்குள். போதாததற்கு மனைப்பிரிவு போட்டவர்கள் வைத்த நகர்கள், அதற்குள் முதல் குறுக்குத் தெரு, இரண்டாவது குறுக்குத் தெரு. எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவருக்கு இரவில் மூச்சுத் திணறல். கூப்பிட்ட ஆம்புலன்ஸ் அதே பெயருள்ள இன்னொரு தெருவுக்கு, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், போய் நின்றது. ஓட்டுநர் மேல் தவறில்லை. போன் காட்டிய இடத்துக்குத்தான் போனார். பெரியவர் பிழைத்துக்கொண்டார். சுரங்கப்பாதை வழியே சுற்றிக்கொண்டு வண்டி வந்து சேரும்வரை அவர் மகள் தெருமுனையில் டார்ச்சை ஆட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

எல்லோருக்கும் அப்படி நல்லபடியாக முடிவதில்லை. 2023 அக்டோபரில் கேரளத்தில், மழை இரவில் வரைபடத்தைப் பார்த்துப் போன கார் பெரியாற்றில் இறங்கி, இளம் மருத்துவர்கள் இருவர் இறந்தார்கள். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் ராம்கங்கை ஆற்றின் மேல், வெள்ளத்தில் ஒரு பகுதி போய்விட்ட பாலத்திலிருந்து கார் விழுந்து மூவர் இறந்தார்கள். கூகுளைத் திட்டினார்கள். ஆனால் பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் மீதும் வழக்குப் பதிவானதைக் கவனிக்க வேண்டும். பாலம் போனது அந்த வட்டாரத்துக்கு முன்பே தெரியும். குறுக்கே ஒரு சுவர் எழுப்பவும், பாலம் இல்லை என்று உலகத்துக்குச் சொல்லவும் கடமைப்பட்டவர்கள் அதைச் செய்யவில்லை. அமெரிக்காவில் இருக்கும் நிறுவனத்துக்கு நம் பாலம் இடிந்ததை யார் போய்ச் சொல்வது?

தண்ணீர் விஷயம் இதைவிட மோசம். பல்லாவரம் பெரிய ஏரி நிரம்பினால் கீழ்க்கட்டளை ஏரிக்கும், அங்கிருந்து நாராயணபுரம் ஏரிக்கும், கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கும் நீர் போக வேண்டும். பெரிய ஏரியை நடுவில் வெட்டிக்கொண்டு 200 அடிச் சாலை போகிறது. போன் வரைபடத்தில் ஏரிகள் தனித்தனி நீலத் திட்டுகளாகத் தெரியும். அவற்றை இணைக்கிற வாய்க்கால் பல இடங்களில் தெரியாது. பழைய கிராம வரைபடத்தில் அந்த வாய்க்காலுக்கு ஒரு சர்வே எண் இருக்கும், புறம்போக்கு என்று எழுதியிருக்கும். இன்று மனை வாங்க வரும் இளம் தம்பதிகள் கிராம வரைபடத்தைப் பார்ப்பதில்லை. போனைப் பார்க்கிறார்கள், காலி இடம் தெரிகிறது, முன்பணம் கொடுக்கிறார்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரையை மீறியபோது முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் முதல் மாடி வரை ஏறி நின்றவர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் நீர்வழிக்குப் பக்கத்தில் இருப்பது அதற்கு முன் தெரிந்திருக்கும்?

அதே வெள்ளத்தில்தான் ஒரு நல்ல காரியமும் நடந்தது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்கிற பொது வரைபடத்தின் மேல், எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறித்தார்கள். 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கிய வரைபடம் அது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஓய்வுக்குப் பிறகு என் காலை நடை அதற்காகத்தான். போனில் தடம் பதியும் செயலியை ஓடவிட்டு ஜமீன் பல்லாவரம் சந்துகளில் நடக்கிறேன். நடந்த வழி ஒரு கோடாக விழுகிறது. நெருக்கமான சந்தில் கோடு வீட்டுக்குள் புகுந்து வெளியே வரும். திரும்ப ஒரு தடவை நடந்து இரண்டு கோட்டுக்கும் நடுவை எடுத்துக்கொள்வேன். பெயர்ப்பலகை இல்லாத தெருவில் இஸ்திரி வண்டிக்காரரைக் கேட்பேன். அவருக்குத் தெரியாத வீடு அந்தத் தெருவில் கிடையாது. கன்டோன்மென்ட் ராணுவ இடங்கள், தாம்பரம் விமானப்படைத் தளம் பக்கம் போவதில்லை. நீங்களும் போக வேண்டாம், அதற்குச் சட்டம் உண்டு. சாதாரணத் தெருக்களுக்குத் தடை இல்லை. 2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், இந்தியர்கள் வரைபடத் தகவலைத் திரட்டவும் வெளியிடவும் முன்பு வேண்டியிருந்த அனுமதிகளை நீக்கிவிட்டது.

ஆனால் ஓய்வு பெற்ற ஒருத்தி நடந்து ஒரு மாநகராட்சியை எழுதி முடிக்க முடியாது. முடியவும் கூடாது, அது அவள் வேலை அல்ல. வீடு வீடாகச் சொத்து வரி வசூலிக்கும் அலுவலகத்திடம் தெருப் பட்டியல் இருக்கிறது. எந்தத் தெரு எந்த வார்டு, பழைய கதவு எண் என்ன, புதிய எண் என்ன என்பது அங்கே இருக்கிறது. மழைநீர் வடிகாலுக்காக எந்தத் தெருவைத் தோண்டப்போகிறார்கள் என்பது ஒப்பந்தம் விடும்போதே தெரியும். வாய்க்கால்களின் சர்வே எண் வருவாய்த் துறையில் இருக்கிறது. இவற்றை எல்லா வரைபடங்களும் எடுத்துக்கொள்ளும்படி, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில், இணையத்தில் திறந்து வையுங்கள். ஒரே பெயருள்ள தெருக்களுக்குப் பழைய ஊர்ப் பெயரை முன்னால் சேர்த்துப் பலகை வையுங்கள். பம்மல் அண்ணா தெரு, செம்பாக்கம் அண்ணா தெரு என்று எழுத என்ன செலவு? தாம்பரம் மாநகராட்சியும் பரங்கிமலை–பல்லாவரம் கன்டோன்மென்ட் போர்டும் மனது வைத்தால் அடுத்த மழைக்குள் முடியும்.

அஞ்சல் துறை 2025 மே மாதம் டிஜிபின் என்ற பத்து எழுத்துக் குறியீட்டைக் கொண்டுவந்து, நாட்டை ஏறத்தாழ 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்திருக்கிறது. 600043 என்ற பின்கோடு பல்லாவரத்தைச் சொல்லும், டிஜிபின் உங்கள் வாசலைச் சொல்லும். வரவேற்கிறேன். ஆனால் 5 மீட்டர் பிழையுள்ள போனில் பார்த்தால் பக்கத்து வீட்டுக் கட்டம் வரக்கூடும். செயற்கைக்கோள் படத்தில் உங்கள் வீட்டைத் தேடித் தொட்டு எடுங்கள். குறியீடு வந்ததால் தெருப்பெயர் தேவையில்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பதற்றத்தில் போன் பேசுகிற மகளுக்குப் பத்து எழுத்து நினைவுக்கு வராது, தெருவின் பெயர்தான் வரும்.

இன்னொன்று பலருக்குத் தெரியவில்லை. ஜி.பி.எஸ்.ஸுக்கு இணையம் வேண்டாம், சிம் கார்டுகூட வேண்டாம். 20,000 கிலோமீட்டருக்கு மேலே சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. போன் அதைக் கேட்டுக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால் போதும். 2015 வெள்ளத்தில் டவர்கள் செத்துப் போனபோதும் அந்தக் கணக்கு நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திராத போன்களில் புள்ளி வெற்றுத் திரையில் நின்றது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் உங்கள் பகுதியின் வரைபடத்தை இணையம் இல்லாமலும் பார்க்கும்படி போனில் இறக்கி வையுங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் அவர் போனிலும் வையுங்கள். உங்கள் தெருவின் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தவறாக இருந்தால் திருத்தம் அனுப்புங்கள். உங்கள் வார்டு கவுன்சிலரைப் பார்க்கும்போது தெருப் பட்டியலையும் வாய்க்கால் வரைபடத்தையும் எப்போது வெளியிடுவீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.