அலைக்கற்றையும் பொதுக்குளம்தான்

எங்கள் காலனிக்கு முதல் தொலைபேசி எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. 1990களின் கடைசி அது. அப்பா தொலைத்தொடர்புத் துறையில் லைன்மேன். துறை ஊழியர் என்பதால் கிடைத்த இணைப்பு.

அப்போது ஊர்த்தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் போன் இருந்தது. அந்த வீட்டோடு பங்காளித் தகராறில் இருந்த பெரியவர் ஒருவரின் மகன் சிங்கப்பூரில் வேலை பார்த்தான். வேறு வழியில்லாமல் எங்கள் வீட்டு எண்ணை மகனுக்குக் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வரும். பெரியவர் வருவார், வீட்டுக்குள் மட்டும் வரமாட்டார். அப்பா நீளமான வயர் ஒன்றைப் போட்டு வைத்திருந்தார். போனை ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுப்பார். அவர் தெருவில் நின்றபடி பேசுவார். பேசி முடித்ததும் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்.

சில ஆண்டுகளில் அவர் செல்போன் வாங்கினார். அதன்பிறகு எங்கள் தெருப் பக்கமே வரவில்லை.

செல்போன் வந்தால் சாதி மறையும், 5ஜி வந்தால் எல்லோரும் சமம் என்று யாராவது பேசும்போது எனக்கு அந்த ஜன்னல்தான் நினைவுக்கு வருகிறது.

செல்போனால் நமக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. அம்பேத்கரின் எழுத்துகளை நான் முதலில் படித்தது ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய நூல்தொகுதியில் அல்ல, விரிசல் விட்ட செல்போன் திரையில்தான். வன்கொடுமை நடக்கும்போது கையிலிருக்கும் கேமராதான் பல இடங்களில் நமக்கு முதல் சாட்சி. அதனால்தான் நம் கையிலிருக்கும் செல்போன் அவர்களை உறுத்துகிறது. 2015-இல் மகாராஷ்டிராவின் ஷீரடியில், அம்பேத்கரைப் போற்றும் பாட்டை ரிங்டோனாக வைத்திருந்ததற்காக ஒரு தலித் மாணவர் கொல்லப்பட்டார். 2019-இல் குஜராத்தின் பனாஸ்காந்தா மாவட்டத்தில் ஒரு சாதியின் பெரியவர்கள் கூடி, மணமாகாத பெண்கள் செல்போன் வைத்திருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். யார் யாரோடு பேசலாம் என்பதில்தான் சாதியின் உயிர் இருக்கிறது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் செல்போன் யார் கையில் இருக்கிறது என்பதோடு நம் பேச்சு நின்றுவிடுகிறது. அந்தச் செல்போனை இயக்கும் தொழில் யார் கையில் இருக்கிறது என்று நாம் கேட்பதே இல்லை.

1995 பிப்ரவரியில், கிரிக்கெட் ஒளிபரப்பு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு தந்தது. அலைவரிசைகள் பொதுச்சொத்து என்றது அந்தத் தீர்ப்பு. அதே ஆண்டு ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு, டெல்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு அதுதான். பொதுச்சொத்து என்று அறிவித்த அதே ஆண்டில் அந்தச் சொத்தின் மீது தனியார் தொழில் தொடங்கிவிட்டது.

பொதுச்சொத்து என்று காகிதத்தில் எழுதினால் என்ன ஆகும் என்பது நமக்குப் புதிதல்ல. பொதுக்குளங்கள் அனைவருக்கும் உரியவை என்று பம்பாய் சட்டமன்றம் 1923-லேயே தீர்மானம் போட்டது. மகத் நகராட்சியும் தன் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. அலைக்கற்றை என்னும் குளத்தில் இன்று நம்மை யாரும் தடுப்பதில்லை. காசு கட்டினால் குடிக்கலாம். ஆனால் மதகின் சாவி நம்மிடம் இல்லை. குளத்து வேலையிலும் நமக்குப் பங்கில்லை. 2024 ஜூலை முதல் வாரத்தில் மூன்று தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்துக் கட்டணத்தை ஏற்றியபோது நம்மால் செய்ய முடிந்தது ரீசார்ஜ் மட்டும்தான்.

வேலைப் பங்குக்கு என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். அப்பா 1980களில் கேபிள் புதைக்கக் குழி தோண்டும் தினக்கூலி மஸ்தூராகச் சேர்ந்தவர். பிறகு நிரந்தரமானார். தேர்வெழுதி, இடஒதுக்கீட்டில் போன் மெக்கானிக் ஆனார். அந்தச் சம்பளத்தில்தான் நானும் தங்கையும் கல்லூரிக்குப் போனோம். 2000 அக்டோபரில் துறை பி.எஸ்.என்.எல். ஆனபோதும் அது பொதுத்துறை நிறுவனம் என்பதால் இடஒதுக்கீடு தொடர்ந்தது.

என் சித்தி மகன் மின்னணுவியலில் டிப்ளமோ படித்தவன். அவனும் இதே தொழிலில்தான் இருக்கிறான். ஃபைபர் அறுந்தால் நள்ளிரவிலும் போய் ஜாயிண்ட் போட வேண்டும். வண்டி அவனுடையது, பெட்ரோலும் அவனுடையது. போட்டிருக்கும் டி-ஷர்ட்டில் பெரிய நிறுவனத்தின் பெயர் இருக்கும். ஆனால் அவன் அந்த நிறுவனத்தின் ஆள் இல்லை. நிறுவனம் ஒருவருக்குக் காண்ட்ராக்ட் விட, அவர் இன்னொருவருக்கு விட, அந்த மூன்றாவது ஆளிடம்தான் இவன் வேலை பார்க்கிறான். போன ஆண்டு கம்பத்திலிருந்து விழுந்து முழங்கை உடைந்தது. பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. காண்ட்ராக்டர் ஐயாயிரம் ரூபாய் கொடுத்து, “கை சரியானதும் வா தம்பி” என்றார்.

அப்பா எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவராகக் குழிக்குள் இறங்கி, அரசு ஊழியராக மேலே வந்தார். தம்பி டிப்ளமோவோடு இறங்கினான், இன்னும் குழியில்தான் இருக்கிறான். நடுவில் மாறியது தொழில்நுட்பம் மட்டுமல்ல. அந்தக் குழியிலிருந்து ஏறிவர அரசியல் சட்டம் போட்டுக்கொடுத்திருந்த ஏணியை எடுத்துவிட்டார்கள்.

“பி.எஸ்.என்.எல். சோம்பேறிகளின் கூடாரம், தனியார் வந்ததால்தானே மலிவாக இன்டர்நெட் கிடைத்தது?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 2016-க்குப் பிறகு டேட்டா விலை சரிந்தது உண்மை. அதில் நானும் பயனடைந்தவன். ஆனால் தனியார் 2012-இல் தொடங்கிய 4ஜி சேவைக்கு பி.எஸ்.என்.எல்.லுக்கு அலைக்கற்றை ஒதுக்க அரசு முடிவெடுத்தது 2019 அக்டோபரில்தான். பிறகு, தனியார் வெளிநாட்டுக் கருவிகளை வாங்கி ஓட, பி.எஸ்.என்.எல். மட்டும் உள்நாட்டுத் தொழில்நுட்பத்துக்காகக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். நாடு முழுவதும் அதன் 4ஜி தொடங்கப்பட்டது 2025 செப்டம்பரில். தனியார் 5ஜி தொடங்கி மூன்று ஆண்டுகள் கழித்து. காலைக் கட்டிவிட்டு ஓட்டப்பந்தயத்தில் விட்டால் யார்தான் ஜெயிப்பார்கள்?

இதற்கிடையே 2020 ஜனவரி 31 அன்று, ஒரே நாளில் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். அப்பாவும் அவர்களில் ஒருவர். 2ஜி விவகாரத்தில் தணிக்கைத் துறை சொன்ன 1.76 லட்சம் கோடி ரூபாய் என்ற எண்ணைத் தெரியாத டீக்கடை இந்த நாட்டில் இருந்திருக்காது. தொலைத்தொடர்பு தனியார்மயமானதில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பிற்படுத்தப்பட்டோரும் எத்தனை வேலைகளை இழந்தார்கள் என்ற கணக்கை எந்தத் தொலைக்காட்சி விவாதித்தது?

தனியார் நிறுவனத்தில் இடஒதுக்கீடு கேட்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. அலைக்கற்றையை எடுக்கும் நிறுவனங்கள் இத்தனை ஆண்டுக்குள் இத்தனை இடங்களில் சேவை தர வேண்டும் என்று அரசு இப்போதும் நிபந்தனை போடுகிறது. பொதுச்சொத்தைக் கொடுப்பதால் போடுகிறது. அதே பட்டியலில் சமூகநீதிக்கும் ஒரு வரி சேர்க்க என்ன தடை? தனியார் கல்வி நிறுவனங்களிலேயே இடஒதுக்கீட்டுக்கு 93ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வழி செய்தது. மனம் இருந்தால் சட்டமும் வரும்.

வோடஃபோன் ஐடியாவைப் பாருங்கள். அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி பங்குகளாக மாற்றப்பட்டு, 2025-இல் அரசின் பங்கு ஏறத்தாழ 49 விழுக்காடு ஆனது. 51ஐத் தொட்டிருந்தால் அது அரசு நிறுவனம். இடஒதுக்கீடு தர வேண்டியிருக்கும். நட்டம் வந்தால் தாங்கிக்கொள்ள மக்கள் பணம் வேண்டும், வேலை கொடுக்க மட்டும் மக்கள் வேண்டாமா?

இதை இப்போதே பேச வேண்டிய அவசரம் இருக்கிறது. 2030-க்குள் 6ஜி என்று ஒன்றிய அரசு 2023-லேயே தொலைநோக்கு ஆவணம் வெளியிட்டுவிட்டது. செயற்கைக்கோள் இணையச் சேவைக்கு ஸ்டார்லிங்க் நிறுவனம் 2025-இல் உரிமம் பெற்றுவிட்டது. அந்தச் சேவைக்கான அலைக்கற்றையை ஏலமின்றி நிர்வாக ரீதியில் ஒதுக்க 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இடமளிக்கிறது. ஏலமே இல்லாமல் கொடுக்கிற இடத்தில் நிபந்தனை போட அரசுக்கு என்ன தயக்கம்?

நாம் கேட்க வேண்டியவை மூன்று. புதிதாக அலைக்கற்றை பெறும் ஒவ்வொரு நிறுவனமும் நேரடி வேலைகளில் இடஒதுக்கீடு தர வேண்டும். தன் ஊழியர்களின் சாதிவாரிக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கோபுரம் ஏறுகிறவருக்கும் குழிக்குள் இறங்குகிறவருக்கும் எத்தனை காண்ட்ராக்டர் நடுவில் இருந்தாலும் உரிமம் பெற்ற நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும்.

அப்பா ஜன்னல் வழியாகப் போனை நீட்டியதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். ஒருநாள் அவரிடமே கேட்டேன், “ஏம்பா கொடுத்தீங்க?” என்று. “போன் கவர்மெண்டோடது, லைன் எல்லாருக்கும் பொதுடா” என்றார். அந்த லைன்மேனுக்கு இருந்த நியாயம் கோடிகளில் அலைக்கற்றை வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் இல்லை. அதை அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது நாம்தான்.