ரின்னில இருக்கிற திகதியும் எங்கட கோபமும்

"திகதி முடிஞ்ச சாமானைத்தான் அகதிக்குக் குடுக்கிறாங்கள்."

பாரிசில் உதவி அமைப்புகளிடம் சாப்பாட்டுப் பை வாங்குகிற எங்கட பெடியள் சிலர் சொல்லுற கதை இது. சொல்லிப்போட்டு நல்ல மீன் ரின்னைக் குப்பைக்குள்ள போடுவினம். கோபம் எனக்கு விளங்குது. விசா இல்லாமல் வரிசையில் நிற்கிறவனுக்கு எல்லாமே அவமானமாகத்தான் தெரியும். ஆனால் இந்த விசயத்தில் கோபம் பிழையான இடத்தில் விழுகுது.

பிரான்சில் இரண்டு விதமான திகதி இருக்கு. பச்சை இறைச்சி, யோகட் போன்றவற்றில் "அ கொன்சொமே ஜுஸ்கோ" என்று போட்டிருக்கும். அந்தத் திகதிவரைதான் சாப்பிடலாம். தாண்டினால் விற்கவும் கூடாது, தானம் குடுக்கவும் கூடாது. ரின், அரிசி, பாஸ்ராவில் "பிறெபெறான்ஸ்" என்ற சொல் கூட இருக்கும். அதற்குமுன் சாப்பிட்டால் நல்லது, அவ்வளவுதான். அது ருசிக்கும் நிறத்துக்கும் கொம்பனி தருகிற உத்தரவாதம். தாண்டினாலும் விற்கலாம், குடுக்கலாம். சட்டம் தடுக்கேல்லை.

ஏன் ரின் கெடுவதில்லை? அடைத்து மூடின பிறகு வேகவைக்கிறார்கள். மீன், அவரை, இறைச்சி போன்ற புளிப்புக் குறைந்தவற்றை ஏறத்தாழ 121 பாகைச் சூட்டில் வைப்பார்கள். உள்ளே கிருமி சாகும், வெளியிலிருந்து புதிதாகப் போக வழியில்லை. இதற்கு வழி காட்டியதும் அடுப்படியில் நின்ற ஒரு பிரெஞ்சுக்காரர்தான். நிக்கொலா அப்பேர் 1810 இல் இதைப் புத்தகமாக எழுதினார். அவர் அடைத்தது கண்ணாடிப் போத்தலில்.

அமெரிக்காவில் மிசூரி ஆற்றில் 1865 இல் பேர்ட்ரண்ட் என்ற நீராவிக் கப்பல் மூழ்கியது. அதிலிருந்த ரின்களை 1974 இல் சோதித்தார்கள். 109 வருடம்! நிறமும் மணமும் போயிருந்தது, சில விற்றமினும் குறைந்திருந்தது. ஆனால் கிருமி வளரவில்லை. அதற்காக 109 வருடம் வைத்துச் சாப்பிடச் சொல்லேல்லை. தக்காளி, அன்னாசி போன்ற புளிப்புச் சாமான் ஒன்றரை வருடத்துக்குள் நல்லது. மீனும் அவரையும் இரண்டிலிருந்து ஐந்து வருடம் தாங்கும்.

உண்மையான ஆபத்து வேற இடத்தில். எங்கட ஆக்களின் கடைகள் சிலவற்றில் நெளிந்த ரின்னைப் பாதி விலைக்குப் போடுவார்கள். திகதி இன்னும் இரண்டு வருடம் இருக்கு என்று சனம் அள்ளிக்கொண்டு போகும். மூடியின் விளிம்பிலோ பக்கப் பொருத்திலோ ஆழமாக நெளிந்தால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழலாம். பொட்டுலிசம் என்ற நஞ்சு காற்றில்லாத இடத்தில் உண்டாவது. மூச்சையே நிறுத்தக்கூடியது. அதை மணத்தாலும் ருசியாலும் கண்டுபிடிக்க ஏலாது. "கொஞ்சம் நக்கிப் பாப்பம்" என்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கோ.

நாங்கள் றெஸ்ரோறன்ற் குசினியில் திறந்த ரின்னை அப்படியே பிறிஜ்ஜில வைக்கிறேல்லை. வேற பெட்டிக்கு மாற்றி, திறந்த நாளை எழுதி ஒட்டுவம். மூன்று நாலு நாளில் முடிக்கவேணும். வீட்டிலும் செய்யலாம், காசு செலவில்லை.

ஆகவே தம்பிமார், பையில் ரின் வந்தால் திகதியைப் பார்த்துச் சண்டை பிடிக்காதேங்கோ. ரின்னைச் சுத்திப் பாருங்கோ. வீங்கியிருந்தால், கசிந்தால், ஆழமாகக் கறள் பிடித்திருந்தால், பொருத்து நெளிந்திருந்தால் கூச்சப்படாமல் திருப்பிக் குடுங்கோ. இலவசமாய்த் தருகினம் என்பதற்காக அதை வாங்கவேணும் என்றில்லை.