உடைத்துப் பார்க்கும் உரிமை

போடிநாயக்கனூருக்கு ஏலக்காய் வாங்க வருகிறவர் எவரும் தோட்டத்தின் பெயரைக் கேட்டு மயங்கி விலை கேட்பதில்லை. காயைப் பார்த்துத்தான் கேட்கிறார். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக் கூடத்தில் வாய்விட்டுக் கத்தி ஏலம் போட்ட காலம் போய்விட்டது. இப்போது வியாபாரிகள் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறார்கள்; விலை ஏறுகிறது. ஆனால் விஞ்ஞானம் எவ்வளவு வந்தாலும் ஒரு பழைய வழக்கத்தை மட்டும் அங்கே யாரும் விட்டுக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் எடுத்த மாதிரிக் காய் வியாபாரியின் கைக்கு வந்தாக வேண்டும். அவர் அதை உள்ளங்கையில் கொட்டுகிறார். நிறம் பார்க்கிறார், பருமன் பார்க்கிறார். இரண்டு காயை நகத்தால் பிளந்து, உள்ளே அரிசி கறுத்து முற்றியிருக்கிறதா என்று பார்க்கிறார். ஒன்றை வாயில் போட்டுக் கடிக்கிறார். அப்புறம்தான் விலை.

மலைக்கு அந்தப் பக்கம் புற்றடி ஏலத்தில், 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை ஏறியது ஏலக்காய். அந்த விலைக்குப் போன சரக்கையும் இப்படிச் சோதித்துத்தான் வாங்கினார்கள். "எங்கள் காயைப் பிளக்காதீர்கள், பிளந்தால் நாங்கள் பொறுப்பில்லை" என்று எந்தத் தோட்டக்காரராவது சொல்லியிருந்தால் கூடமே சிரித்திருக்கும்.

அதே வியாபாரி மாலையில் வீட்டுக்குப் போகிறார். அங்கே மிக்ஸி இருக்கிறது. துணி துவைக்கும் யந்திரம் இருக்கிறது. தண்ணீரைச் சுத்தம் செய்யும் பெட்டி இருக்கிறது. சட்டைப் பையில் செல்போன் இருக்கிறது. இவற்றில் ஒன்றையாவது அவர் திறந்து பார்த்ததுண்டா? திறக்கத்தான் முடியுமா? திருகாணியின் மேல் ஒரு சிறு சீட்டை ஒட்டியிருக்கிறான் கம்பெனிக்காரன். சீட்டுக் கிழிந்தால் உத்தரவாதம் போயிற்று! ஏலக் கூடத்தில் சிங்கமாக இருந்த மனிதர் சமையலறையில் பூனையாகிவிடுகிறார். ஏன் இப்படி? இதைத்தான் நான் கேட்கிறேன்.

நான் யந்திர விரோதி அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யந்திரத்தைப் பற்றி ஓர் எழுத்தாளன் குறை சொல்ல ஆரம்பித்தவுடனே, "ஓகோ, இவன் நம்மை அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் திரும்பப் போகச் சொல்கிறான்" என்று முடிவு கட்டிவிடுகிற நண்பர்கள் எனக்குப் பலர் உண்டு. அம்மியின் பெருமையைப் பாடுகிற ஆண்கள் சிலரையும் எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவராவது ஒரு நாள் குனிந்து உட்கார்ந்து மிளகாய் அரைத்தவர் அல்லர். மிக்ஸி வந்தது பெண்களுக்கு விமோசனம். அந்த விமோசனத்துக்கு இன்று ஆபத்து வந்திருக்கிறது என்பதுதான் என் கட்சி.

எங்கள் வீட்டு மிக்ஸியின் கதையைக் கேளுங்கள். உயர்ந்த ரகம் என்று சொல்லி வாங்கியது. அதற்குத் திருகுகிற குமிழ் கிடையாது. தொட்டால் ஓடும்; தொட்டால் நிற்கும். உத்தரவாதம் முடிந்த மூன்றாவது மாதம் ஒரு நாள், தொட்டும் ஓடவில்லை, தட்டியும் ஓடவில்லை. கம்பெனியின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. ஒன்றைத் திட்டினால் மற்றவற்றுக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்ததாக ஆகிவிடும். டெலிபோனில் கூப்பிட்டேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு குரல் எனக்கு எண் பாடம் நடத்தியது. கடைசியில் மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு தேனிக்குப் பஸ் ஏறினேன். அங்கே இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார்.

"போர்டு போயிருச்சு சார். போர்டு மட்டும் தனியா வராது. அடிப்பாகத்தையே மாத்தணும்."

எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். புது மிக்ஸியின் விலையில் முக்கால் பங்கு சொன்னார். சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து இரங்கி, "அதுக்குப் புதுசே வாங்கிரலாமே சார்" என்றார்.

போடிக்குத் திரும்பி, கடைத்தெருவில் ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். முப்பது வருஷமாக மோட்டாரோடு பழகியவர். கவிழ்த்துப் பார்த்ததுமே சிரித்தார். திருகாணியின் தலை மூன்று இதழ்ப் பூவாக இருந்தது. கடையில் கிடைக்கிற எந்தத் திருப்புளியும் அதில் உட்காராது. பழைய திருப்புளி ஒன்றை அரத்தால் ராவிப் பூவுக்கேற்ற சாவியாக்கித் திறந்துவிட்டார் மனுஷர்.

"மோட்டார் நல்லா இருக்கு தம்பி. பத்து வருசம் ஓடும். இந்தத் துண்டு அட்டைதான் போச்சு. இதை வெளியாளுக்குத் தர மாட்டேங்கிறான். இந்தத் துண்டுக்காக முழுசும் குப்பைக்குப் போகுது."

இப்போது எதிர்வீட்டுக்கு வாருங்கள். அந்த அக்காள் ஏலத் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். 2011 செப்டம்பரில் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் இலவசமாக வழங்க ஆரம்பித்ததே, அந்தத் திட்டத்தில் கிடைத்த மிக்ஸி அவர் வீட்டில் இருக்கிறது. அழகு கிடையாது. சத்தம் தெருமுனை வரை கேட்கும். கப்ளர் இரண்டு தடவை போயிருக்கிறது. கார்பன் ஒரு தடவை மாற்றியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதே கடைப் பெரியவர், சில்லறைக் காசுக்கு, பத்து நிமிஷத்தில் சரி செய்து கொடுத்தார். அது இன்னும் ஓடுகிறது. ஒரு வாரம் எங்கள் வீட்டுச் சட்னி அந்த இலவச மிக்ஸியில்தான் அரைபட்டது. விலை கொடுத்து வாங்கிய என் மிக்ஸி பரணில் படுத்திருந்தது. இதைவிடப் பெரிய அவமானம் ஒரு கம்பெனிக்கு வேண்டுமா?

அந்த அக்காளுக்குக் காலை ஆறரை மணிக்கு ஜீப். அதற்குள் சோறு வடித்து, குழம்பு வைத்து, பிள்ளைகளுக்கு எடுத்து வைத்து, தனக்கும் தூக்குவாளியில் அடைத்துக்கொள்ள வேண்டும். மிக்ஸி ஓடினால் ஐந்து மணிக்கு எழுந்தால் போதும். ஓடாவிட்டால் நாலு மணி. ஒரு மணி நேரத் தூக்கம்! மழையிலும் அட்டைக் கடியிலும் நாள் முழுதும் குனிந்து, செடியின் அடியில் தரையோடு படர்ந்த சரத்திலிருந்து காய் பறிக்கிற ஒரு பெண்ணுக்கு, ஒரு மணி நேரத் தூக்கம் என்றால் என்னவென்று குளிர்ந்த அறையில் உட்கார்ந்து மிக்ஸிக்குப் படம் வரைகிறவருக்குத் தெரியுமா? என் மிக்ஸியைப் போன்றவைதான் நாளைக்குக் கடையில் கிடைக்கும் என்றால், அந்த அக்காள் எங்கே போவார்? முக்கால் விலை கொடுத்து அடிப்பாகத்தை மாற்றுவாரா?

இது தற்செயலாக நேர்ந்த சங்கடம் என்று எண்ணிவிடாதீர்கள். இதற்கு வயது நூறு. 1924-ஆம் வருஷம் மின்சார பல்பு செய்கிற உலகத்துப் பெரிய கம்பெனிகள் ஜெனீவாவில் கூடி, 'போபஸ்' என்ற பெயரில் ஒரு கூட்டு அமைத்தன. பல்பு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாது என்பது அவர்கள் வகுத்த திட்டம். அதற்கு முன்பு ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் மணி எரிந்த பல்புகள் இருந்தன. அதிக நேரம் எரிகிற பல்பைச் செய்த கூட்டாளிக்கு அபராதம் போட்டார்கள்! நன்றாகச் செய்ததற்கு அபராதம் என்ற நீதியை எந்தத் தர்ம சாஸ்திரத்தில் படித்தார்களோ, தெரியவில்லை.

நம் காலத்துக்கு வருவோம். பழைய ஐபோன்கள் பேட்டரி தளர்ந்தபின் மெதுவாக ஓடும்படி மென்பொருளில் ஏற்பாடு செய்திருந்ததை ஆப்பிள் கம்பெனி 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணைந்துவிடாமல் இருப்பதற்காகச் செய்தோம் என்றது. இருக்கலாம். ஆனால் அதை வாங்கியவனிடம் முன்பே சொல்லவில்லை. பேட்டரியை மாற்றினால் போதும் என்று தெரியாமல் எத்தனை பேர் புதுப் போன் வாங்கினார்களோ! 2020-ல் பிரான்சு அரசு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தவர்களோடு 50 கோடி டாலர் வரை கொடுப்பதாகச் சமரசம் செய்துகொண்டது. உள்ளே நடப்பதைச் சொல்லாமல் மூடி வைத்ததற்கு விலை அது.

பெரிய கம்பெனியில் உத்தியோகம் பார்க்கும் நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் மூன்று சமாதானம் சொன்னார். ஒன்று: மின்சாரச் சாமான், கண்டவர் திறந்தால் ஷாக் அடிக்கும். இரண்டு: தெருவோரக் கடையில் போலி உறுப்பைப் போட்டுவிடுவார்கள்; கெட்ட பெயர் எங்களுக்கு. மூன்று: புதிதாக வாங்குவதே மலிவு.

முதல் சமாதானத்துக்கு எங்கள் மலைப் பாதையே பதில். முந்தல் தாண்டிப் போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. அதில் தினமும் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் ஜீப்புகள் ஏறுகின்றன. அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவதை நான் ஆதரிக்கவில்லை. அது வேறு குற்றம். ஆனால் எத்தனையோ வருஷத்து ஜீப் இன்னும் ஏறுகிறதே, எப்படி? அதன் மூடியைத் தூக்கினால் உள்ளே இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. வளைவில் நின்றுபோனால் டிரைவரே இறங்கிச் சரி செய்கிறார். பிரேக் பிடிக்காவிட்டால் உயிர் போகும் வண்டியைத் தெரு மெக்கானிக்கை நம்பி ஒப்படைக்கலாம். தேங்காய்ச் சட்னி அரைக்கிற யந்திரத்தை ஒப்படைக்கக் கூடாதா? ஆபத்து உண்டென்றால், எங்கே ஆபத்து என்று படம் போட்டு அச்சடித்துக் கொடுங்கள். பூட்டுவது பாதுகாப்பு அல்ல. சொல்லிக் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

இரண்டாவது சமாதானம் இன்னும் வேடிக்கை. அசல் உறுப்பைத் தர மாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பவர், போலி உறுப்பு புழங்குகிறதே என்று கண்ணீர் விடுகிறார். ஏலக்காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றி விற்கிற பேர்வழிகள் எங்கள் ஊரிலும் உண்டு. அதற்காக இனிமேல் யாரும் காயைப் பிளக்கக் கூடாது என்றா சட்டம் போட்டார்கள்? பிளந்து பார்க்கிற கண் இருப்பதனால்தான் சாயக்காரன் பயப்படுகிறான்.

மூன்றாவது, மலிவு. யாருக்கு மலிவு? நல்ல மோட்டாரும் செம்புக் கம்பியும் பிளாஸ்டிக்கும் குப்பை மேட்டில் போய் விழுகின்றன. அந்தக் குப்பையோடு வாழ்வதற்கான விலையை எந்தக் கடைச் சீட்டில் போட்டிருக்கிறார்கள்? முப்பது வருஷம் கற்ற ஒரு தொழிலாளியின் கைவித்தை வேலையில்லாமல் மழுங்குகிறதே, அது எந்தக் கணக்கில் வரும்? முன்பு "அம்மி கொத்தலையோ" என்று தெருவில் கூவிக்கொண்டு வருவார்கள். தேய்ந்த கல்லை உளியால் கொத்திக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தக் கல்லை விற்றவன் வந்து, கொத்தும் உரிமை எனக்கே என்று சொன்னதில்லை.

வெளிநாட்டில் விழித்துக்கொண்டார்கள். பிரான்சில் 2021 முதல் சில சாமான்களின் மேல், இதை எவ்வளவு சுலபமாகப் பழுது பார்க்கலாம் என்று பத்துக்கு இத்தனை என மதிப்பெண் போட்டே விற்க வேண்டும். அதே வருஷம் ஐரோப்பிய யூனியனில், துணி துவைக்கும் யந்திரத்துக்குப் பத்து வருஷம் வரை உதிரி உறுப்பு கிடைக்கச் செய்ய வேண்டும் என்று விதி வந்தது. நம் நாட்டிலும் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தது. அந்த வருஷக் கடைசியில் கம்பெனிகள் விவரம் கொடுப்பதற்காக இணையத்தில் ஒரு தளமும் திறந்தது. நல்ல காரியம். ஆனால் எதிர்வீட்டு அக்காளுக்கு இணையத்தில் விவரம் வேண்டாம். போடிக் கடைத்தெருவில் உறுப்பு வேண்டும்.

நான் கேட்பது மூன்றே மூன்று. சாதாரணத் திருப்புளிக்குத் திறக்கிற திருகாணி போடுங்கள். உதிரி உறுப்பை யார் கேட்டாலும், விலை அச்சடித்து விற்பனை செய்யுங்கள். உள்ளே இருப்பதற்கு ஒரு வரைபடம் பெட்டியோடு கொடுங்கள். கொடுக்க மாட்டாயானால் அந்தச் சாமானை நீ எனக்கு விற்கவில்லை. வாடகைக்கு விட்டிருக்கிறாய் என்று அர்த்தம். அப்படியானால் வாடகை என்று சொல்லியே வாங்கு.

வாசகர்களுக்கும் இரண்டு வார்த்தை. மிக்ஸி நின்றுபோனால் உடனே பரணில் ஏற்றாதீர்கள். அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். பாரம் தாங்காமல் அது தெறித்திருந்தால், பிளக்கைப் பிடுங்கி, சற்று ஆறவிட்டு அழுத்துங்கள். பல தடவை நோய் அதோடு தீர்ந்துவிடும். மோட்டார் ஓடிப் பிளேடு மட்டும் சுற்றாவிட்டால் பெரும்பாலும் கப்ளர்தான். நெருப்புப் பொறி பறந்தால் கார்பனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜாடியை வாய் வரை அடைக்காதீர்கள்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடையில் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். எந்தத் திருப்புளிக்குத் திறக்கும், எந்த உறுப்பு தனியாகக் கிடைக்கும் என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். ஏலக் கூடத்தில் நமக்கு யாரும் இந்தப் புத்தியைச் சொல்லிக் கொடுக்கவில்லை. உள்ளே பார்க்காமல் விலை கேட்கிறவன் ஏமாளி என்று மலையடிவாரத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்தப் புத்தியைக் கூடத்து வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வராமல் இருந்தால் போதும்.